கண்புரை ஆபரேஷன்: லென்ஸுக்குப் பணம் கட்டும் முன்

கண்புரையை எந்தச் சொட்டு மருந்தும் கரைக்காது, ஆபரேஷன்தான் வழி. புரையை எடுத்த இடத்தில் எந்தச் செயற்கை லென்ஸ் வைப்பது என்று கேட்கும்போது விலைப்பட்டியலைக் கடைசியில் பாருங்கள். கண்ணைச் சரியாக அளந்தார்களா, அந்தக் கண்ணுக்கு அன்றாடம் என்ன வேலை, இந்த இரண்டும்தான் முதலில்.

‘புரை முற்றட்டும்’, ‘மழை ஓயட்டும்’ என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் மழை ஓயக் காத்திருந்தால் பாதி வருடம் போய்விடும். முற்றிய புரை இறுகிப்போகும். அதை உடைக்க ஃபேக்கோ கருவியின் அதிர்வு கூடுதலாகத் தேவைப்படும். கருவிழியின் உட்பக்கச் செல்கள் அடிபடும். அந்தச் செல்கள் திரும்ப வளராது.

அளப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கண்ணின் நீளம், கருவிழியின் வளைவு இரண்டையும் வைத்துத்தான் லென்ஸின் பவரைக் கணக்கிடுவார்கள். நீளத்தில் 1 மில்லிமீட்டர் பிசகினால் பவரில் ஏறத்தாழ 2.5 முதல் 3 வரை தவறு வரும். அளவுக் கருவியின் முனை கருவிழியை லேசாக அழுத்தினாலே கண் குட்டையாகத் தெரியும். அதனால் கண்ணைத் தொடாமல் ஒளியால் அளக்கும் கருவி நல்லது. புரை மிக அடர்த்தியாக இருந்தால் ஒளி ஊடுருவாது. அப்போது ஸ்கேன் எடுத்துத்தான் அளக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அளப்பதற்கு முன்பே அதை நிறுத்த வேண்டும்: மென்மையானது என்றால் ஒரு வாரமாவது, கடினமானது என்றால் மூன்று வாரமாவது. முன்பு கண்ணாடியைத் தவிர்க்க லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கணக்குச் சூத்திரமே மாறும். வெயிலில் உழைப்பவர்களுக்கு வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் சதை ஏறும். அது புரை அல்ல. ஆனால் கருவிழியை இழுத்து அளவைக் கெடுக்கும். பெரிதாக இருந்தால் முதலில் அதை எடுத்து, கண் ஆறிய பிறகு அளப்பதே சரி.

இனி லென்ஸ். மோனோஃபோகல் ஒரே தூரத்துக்குத்தான். தூரப்பார்வைக்கு வைத்தால் எழுத்து வாசிக்க +2.5 அளவில் கண்ணாடி வேண்டும். மல்டிஃபோகல் வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கிடுகிறது. கண்ணாடித் தேவை குறையும். ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், மங்கலில் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு பிரிந்து தெரிவது குறையும். குலசேகரம், அருமனைத் தோட்டங்களில் விடியுமுன் தலைவிளக்கோடு ரப்பர் பால் வெட்டுபவருக்கும், குளச்சலிலிருந்து இரவில் கடலுக்குப் போகிறவருக்கும் மோனோஃபோகலே ஏற்றது. சுகரால் விழித்திரை கெட்டவர்களுக்கும், கண் அழுத்த நோயால் நரம்பு தேய்ந்தவர்களுக்கும் மல்டிஃபோகல் வேண்டாம். வாழ்நாள் முழுக்கக் கிட்டப்பார்வையோடு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்துப் பழகியவர், அந்த வசதியை விட மனமில்லை என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்கேற்ற பவர் வைக்கலாம்.

கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் சமமாக இல்லாததால் வரும் சிலிண்டர் பவர் 1-க்கு மேல் இருந்தால், அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் பற்றிக் கேளுங்கள். அந்த லென்ஸ் கண்ணுக்குள் 1 டிகிரி திரும்பினால் சுமார் 3 சதவீதப் பலன் போகும். 30 டிகிரி திரும்பினால் ஒன்றும் மிஞ்சாது.

அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷனும் சாதாரண லென்ஸும் இலவசம். நாகர்கோவிலில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. விலை குறைந்தது என்பதற்காக மோனோஃபோகலைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். 1992-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் நிறுவனம் லென்ஸ் செய்யத் தொடங்கிய பிறகுதான் நம் ஊரில் விலையே இறங்கியது.

புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுபவர்கள், நிறுத்திவிட்டிருந்தாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆபரேஷன் நடுவே கண்மணி சுருங்கி, அதைச் சுற்றியுள்ள நிறத் திரை தளர்ந்து தொந்தரவு தரும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு சொட்டு மருந்து விடும் முறை: கையை சோப்பால் கழுவுங்கள். தலையைச் சாய்த்து, கீழ் இமையை விரலால் கீழே இழுத்தால் சிறு பை போல விரியும். அதில் ஒரே ஒரு சொட்டு. குப்பி வாய் இமையையோ மயிரையோ தொடக்கூடாது. கண்ணை மூடி, மூக்கோரத்தை இரண்டு நிமிடம் அழுத்துங்கள். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி. ஸ்டீராய்டு சொட்டைப் படிப்படியாகக் குறைத்து 4 முதல் 6 வாரத்தில் நிறுத்துவார்கள். கண் தெளிந்ததும் பாதியில் விட்டால் உள்ளே வீக்கம் திரும்பும். குளம், ஆறு, கடல் குளியல் ஒரு மாதம் கூடாது.

முதல் வாரத்தில் வலி கூடினால், தெரிந்த பார்வை மங்கினால், கண் சிவந்து பீளை தள்ளினால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம். காலை வரை பார்க்க வேண்டாம். அன்றே, அந்த ராத்திரியே போங்கள்.

மாதங்களோ வருடங்களோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால் ‘புரை திரும்பிவிட்டது’ என்பார்கள். புரை திரும்பாது, லென்ஸைத் தாங்கும் சவ்வு மங்கியிருக்கும். யாக் லேசரால் சில நிமிடங்களில் அதைத் திறந்துவிடலாம். அப்போது கேட்கக்கூடும் என்பதால், லென்ஸ் பெட்டியிலிருந்து ஒட்டித் தரும் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். லென்ஸின் பெயர், பவர், வரிசை எண் மூன்றும் அதில் இருக்கும்.