சர்க்கரை ஓட்டத்தில் போரானுக்கு என்ன வேலை? தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை

காய் பருக்க வேண்டுமா, போரான் என்ற நுண்ணூட்டச் சத்தைக் கொடுங்கள், அது சர்க்கரையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பார்கள். பலன் உண்மைதான், சொல்லும் காரணம்தான் பழையது.

படி 1: வேலையைப் புரிந்துகொள்ளுங்கள்

இலை தயாரிக்கும் சர்க்கரை, சுக்ரோஸாக ஃபுளோயம் குழாய்கள் வழியே குருத்துக்கும் காய்க்கும் வேருக்கும் ஓடுகிறது. போரான் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு அதைச் செல்சவ்வு தாண்ட வைக்கிறது என்று 1953இல் காச், டக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கருத்தை வைத்தார்கள். ஆனால் சுக்ரோஸ் போரானோடு அவ்வளவு உறுதியாகப் பிணைவதில்லை. போரானின் உறுதியான வேலை செல்சுவரில் இருக்கிறது: அங்குள்ள பெக்டின் என்ற பசைப்பொருளின் இழைகளைக் குறுக்கே இணைத்துப் பிடிப்பது. அது குறைந்தால், புதுச் செல்கள் உருவாகும் நுனிகள்தான் முதலில் சிதையும். நுனி வளராவிட்டால் சர்க்கரையை இழுக்க ஆளில்லை. போதாக்குறைக்குக் குழாய்த் துளைகளில் காலோஸ் என்ற அடைப்புப் பொருள் படிந்து வழியும் அடைபடும். அப்புறம் சர்க்கரை இலையிலேயே தேங்க வேண்டியதுதான்.

படி 2: செடி எந்த வகை?

முதல் வகை: பெரும்பாலான செடிகளில் போரான் நீரோடு ஏறி, சேர்ந்த இலையிலேயே தங்கிவிடும். இரண்டாம் வகை: ஆப்பிள், பாதாம், பீச் ஆகியவை சார்பிட்டாலையும், செலரி மானிட்டாலையும் தயாரிக்கின்றன. இந்தச் சர்க்கரை ஆல்கஹால்களோடு போரான் நன்றாகப் பிணைந்து ஃபுளோயத்தில் பயணிக்கும். ஆக, இங்கே சர்க்கரைதான் போரானைச் சுமக்கிறது! இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

படி 3: அறிகுறி பாருங்கள்

முதல் வகையில் குருத்தைப் பாருங்கள். நுனி கருகும், இளம் இலை தடித்து நொறுங்கும், காலிஃபிளவர் தண்டின் உட்புறம் வெறும் கூடாகும். கீழ் இலைகள் பச்சையாகவே இருக்கலாம், ஏமாற வேண்டாம். மண் காய்ந்திருந்தாலும் போரான் ஏறாது. அதனால் முதலில் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

படி 4: கலக்குங்கள்

போரிக் அமிலத்தில் போரான் சுமார் 17%, போராக்ஸில் 11%. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அதே எடையில் போடக் கூடாது. லிட்டருக்கு 1 கிராம் போரிக் அமிலத்தை வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் எடை போடுங்கள். போரானில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மிஞ்சினால் முதல் வகையில் முதிர்ந்த இலையின் ஓரம் கருகும். இரண்டாம் வகையிலோ கிளை நுனி காயும்.

படி 5: தெளியுங்கள்

மகரந்தக் குழாய் வளரவும் போரான் தேவை, அதனால் மொட்டுப் பருவம் நல்ல நேரம். வெயில் தணிந்ததும் தெளியுங்கள். முதல் வகைக்குப் புதுத் தளிரிலும் மொட்டிலும் நேரடியாகப் பட வேண்டும். இலையில் மட்டும் அடித்தால் அது பூவுக்குப் போகாது. பாதாம் போன்றவற்றுக்கு அறுவடை முடிந்து இலை பச்சையாக இருக்கும்போதே தெளிக்கலாம். இலை உதிர்வதற்குள் போரான் மொட்டுகளுக்குப் போய்விடும்.