மோஹோ வரை பார்க்க வேண்டுமா? கோட்டின் நீளத்தை முதலில் கணக்கிடுங்கள்

பூமியின் வெளிப் பாறை ஓடான மேலோட்டையும் அதன் அடி எல்லையான மோஹோவையும் ஆராய எந்தக் கருவி நல்லது என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: எவ்வளவு ஆழம், எந்தப் பண்பு? அலையின் வேகம், பாறையின் அடர்த்தி, மின்தடை என ஒவ்வொரு முறையும் ஒன்றைத்தான் அளக்கும். இதற்குப் பதில் இல்லாமல் கருவியை வண்டியில் ஏற்றாதீர்கள்.

ஓரிடத்தில் வெடிவைத்து, அதன் அதிர்வலைகளை நீண்ட கோட்டில் நட்ட கருவிகளால் பதிவு செய்யும் அலை விலகல் முறையிலிருந்து தொடங்குவோம். மேலோடு 35 கி.மீ. தடிமன், அதில் பி அலையின் (முதலில் வந்து சேரும் அதிர்வலை) வேகம் வினாடிக்கு 6.3 கி.மீ., கீழே உள்ள மேன்டில் அடுக்கில் 8 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராக வரும் அலையை, கீழே இறங்கி மோஹோ எல்லையை ஒட்டி ஓடி மேலேறும் அலை முந்த வேண்டும். அது வெடிப்பிலிருந்து சுமார் 200 கி.மீ. தாண்டித்தான் நடக்கும். ஆகவே கோடு 300 கி.மீ. இருந்தால் நிம்மதி. 50 கி.மீ. கோட்டில் நெருக்கமாகக் கருவிகளை நட்டால் மேல்பகுதி அழகாகத் தெரியும், மோஹோ தெரியாது. 1909இல் நிலநடுக்க ஆய்வாளர் மோஹோரோவிசிச் (மோஹோ என்ற பெயர் இவரால் வந்தது) குரோஷிய நிலநடுக்கப் பதிவுகளில் இரண்டு பி அலைகளைப் பிரித்துப் பார்த்ததும் தூரம் கூடக்கூட மாறும் இந்த முந்துதலை வைத்துத்தான்.

வெடிப்பைக் கோட்டின் இரு முனைகளிலும் செய்யுங்கள். எல்லை சாய்ந்திருந்தால் ஒரு முனையிலிருந்து மட்டும் கிடைக்கும் வேகம் பொய். செலவு மிச்சம் என்று இதை விட்டுவிடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

வெடிக்கப் பணமோ அனுமதியோ இல்லையா? சரி, தொலைதூர நிலநடுக்கங்களைப் பயன்படுத்துங்கள். என்னைக் கேட்டால், கையில் காசு குறைவாக இருப்பவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும். மூன்று திசைகளிலும் பதிவு செய்யும் அகலப்பட்டை சீஸ்மோமீட்டர் (பலவகை அதிர்வெண்களைப் பதியும் நிலநடுக்கமானி) ஒன்றை ஓராண்டாவது ஓடவிடுங்கள். பூமியின் மையத்தில் உண்டாகும் கோணத்தில் சொன்னால், 30 முதல் 90 டிகிரி தொலைவிலுள்ள நடுக்கங்களை எடுங்கள். பி அலை மோஹோவைக் கடக்கும்போது ஒரு பங்கு, மெதுவாகச் செல்லும் எஸ் அலையாக மாறித் தாமதமாக வரும். மேலோட்டுப் பாறையில் ஒரு வினாடித் தாமதம் ஏறத்தாழ 8 கி.மீ. ஆழம். 4.4 வினாடி வந்தால் 35 கி.மீ. பக்கம் இருக்கிறீர்கள். கருவியின் வடக்குத் திசையைக் கவனமாக வையுங்கள். பக்கத்தில் இரும்பு இருந்தால் காந்த ஊசியை நம்பாதீர்கள். அடியில் தடித்த வண்டல் இருந்தால் அதன் எதிரொலிகள் மோஹோ போல வேடம் போடும். மோஹோவுக்கும் தரைக்கும் இடையே எகிறி வரும் அலைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் தடிமனும் பி, எஸ் வேகங்களின் விகிதமும் தனித்தனியே பிடிபடும்.

பாறையின் அடர்த்தியைக் காட்டும் ஈர்ப்பு அளவை மலிவு, வேகம். ஆனால் உயரத்தில் ஒரு மீட்டர் பிழை வந்தால் திருத்தத்துக்குப் பிறகும் சுமார் 0.2 மில்லிகால் (ஈர்ப்பு முடுக்கத்தின் அலகு) தவறு மிஞ்சும். அதனால் உயரத்தை அளப்பதுதான் அங்கே பாதி வேலை. கருவியின் அளவு நேரம் போகப்போக நகர்வதைக் கழிக்க அடிக்கடி அடித்தளப் புள்ளிக்குத் திரும்புங்கள். ஒரே ஈர்ப்புப் படத்துக்கு எத்தனையோ அடர்த்தி அமைப்புகள் பொருந்தும். அதனால் சில இடங்களில் அலைகள் தந்த மோஹோ ஆழத்தைக் கட்டிவைத்துவிட்டு, இடைவெளியை மட்டும் ஈர்ப்பால் நிரப்புங்கள். காந்த அளவை மேலோட்டின் வெப்பமான ஆழத்தில் உதவாது. மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் சுமார் 580 டிகிரி செல்சியஸில் காந்தத்தன்மையை இழந்துவிடும்.

அப்புறம் மேக்னெட்டோடெல்லூரிக்: பூமியில் இயற்கையாக வரும் மின், காந்தப்புல அலைவுகளை அளந்து பாறையின் மின்தடையைக் கணிக்கும் முறை. ஊடுருவும் ஆழம் மீட்டரில் வேண்டுமென்றால், மின்தடையையும் அலைவு நேரத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 503ஆல் பெருக்குங்கள். 100 ஓம் மீட்டர் பாறையில் 100 வினாடி அலைவு 50 கி.மீ. போகும். மின்கம்பிகளையும் மின்ரயில் பாதைகளையும் விட்டு விலகி இடம் பாருங்கள். நடு மேலோட்டில் மின்தடை சட்டென்று குறைந்தால் உடனே உருகிய பாறை என்று எழுதிவிடாதீர்கள். உப்புநீர், கிராஃபைட் படலம்கூட அப்படித்தான் காட்டும். அதே இடத்தில் எஸ் அலை வேகத்தைப் பாருங்கள்: உருகல் இருந்தால் அது நன்றாகக் குறையும், மெல்லிய கிராஃபைட் படலம் அதை அசைக்காது.