வடாற்காட்டுக்கு நான்கு நாள்: கோட்டையும் கோயிலும் மலையும் காணத் திட்டமிடும் முறை

தென்னகத்துக் கோயில்களையும் பழமைச் சின்னங்களையும் காணப் புறப்படுவோர் பெரும்பாலும் காஞ்சிபுரத்தை முடித்துக்கொண்டு திருவண்ணாமலைக்கோ திருப்பதிக்கோ சென்றுவிடுகின்றனர். நடுவில் இருக்கும் வேலூர் அவர்களுக்கு மருத்துவமனை உள்ள ஊர். இல்லையென்றால் காட்பாடியில் ரயில் நிற்கும் ஐந்து நிமிடம். பல்லவர், கங்கர், சோழர், சம்புவராயர், விஜயநகரத்தார், நவாபுகள் என ஒவ்வொருவரும் தடம் விட்டுச் சென்ற நிலம் இது. அதற்குத் தனியாக நான்கு நாள் ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து. அந்த நான்கு நாளை எப்படி அடுக்கினால் அலைச்சல் குறையும், எந்தக் கதவும் பூட்டிய நிலையில் எதிர்ப்படாது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது; எஞ்சிய வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. இணையத்தில் மாவட்டப் பெயரைக் கொண்டு தேடினால் பாதி இடங்கள் விடுபட்டுப் போவதற்கு இதுவே காரணம். மாவட்ட எல்லைக்கோடுகளை மறந்துவிட்டு ஆறுகளை வரைந்துகொள்வது நல்லது. ஒரு வெள்ளைத் தாளில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாலாற்றை வரையுங்கள். வடக்கே சித்தூர்ப் பக்கமிருந்து இறங்கி வந்து அதில் சேரும் பொன்னையாற்றை வரையுங்கள். தெற்கே ஜவ்வாது மலையில் பிறந்து படவேடு, ஆரணி வழியாகச் செல்லும் கமண்டல நாகநதியையும் வரையுங்கள். அக்காலத்தில் ஊரும் கோயிலும் ஏரியும் நீரை ஒட்டியே அமைந்தமையால், பார்க்க வேண்டிய இடங்களுள் பெரும்பாலானவை இந்த மூன்று கோடுகளின் ஓரத்திலேயே வந்து அமர்ந்துவிடும். ஒரு நாளுக்கு ஓர் ஆறு என்று வைத்துக்கொண்டால் திட்டத்தின் பாதி முடிந்தது.

மறுபாதி கிழமையைப் பொறுத்தது. ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகம் பொதுமக்களை வரவேற்கும் நாள் சனிக்கிழமை; வேலூர்க் கோட்டைக்குள் உள்ள அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே நான்காம் நாளைச் சனிக்கிழமை என்று முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிப் புதன்கிழமை காலையில் பயணத்தைத் தொடங்குங்கள். மாதங்களுள் கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரை ஏற்றவை. மழை ஓய்ந்து மலையில் நீரும் இருக்கும், பாறையில் ஏறவும் முடியும். சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் எப்படிப்பட்டது என்று இங்கு வாழ்பவர்களுக்குத் தெரியும். அக்கினி நட்சத்திரத்தின்போது வெறுங்காலுடன் பிரகாரத்தைச் சுற்றும்படி முதியவர்களை அழைத்து வராதீர்கள். பௌர்ணமியையும் தவிர்த்துவிடுங்கள். அன்று கிரிவலத்துக்காகத் திருவண்ணாமலை செல்லும் கூட்டத்தால் வேலூர், போளூர் வழிப் பேருந்துகளில் கால் வைக்கவும் இடமிராது.

தங்குவதற்கு முதல் இரண்டு இரவும் வேலூரோ காட்பாடியோ போதும். மருத்துவமனையைச் சுற்றியுள்ள காந்தி ரோட்டு விடுதிகளில் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த நோயாளிகளின் குடும்பத்தார் வாரக்கணக்கில் தங்கியிருப்பார்கள். அங்கே இடம் தேடி நிற்பதைவிடக் காட்பாடியில் முன்கூட்டியே அறை எடுப்பது அவர்களுக்கும் நமக்கும் நல்லது. முதல் நாளுக்கு நகரப் பேருந்தும் ஆட்டோவும் போதுமானவை. இரண்டாம் நாள் முதல் ஒரு வாடகைக் காரை அமர்த்திக்கொள்ளுங்கள். மலைச்சாலையில் ஓட்டிப் பழகிய உள்ளூர் ஓட்டுநராகக் கேட்டுப் பெறுங்கள்.

புதன்கிழமை காலை பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே சென்று விரிஞ்சிபுரத்தில் தொடங்குங்கள். பாலாற்றங்கரையில் எழுந்தருளியிருக்கும் இறைவனின் பெயரே மார்க்கபந்து, தமிழில் வழித்துணைநாதர். பயணம் புறப்படுவோர் வணங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான சந்நிதி எனக்குத் தெரியாது. ‘விரிஞ்சிபுரம் மதிலழகு’ என்ற சொலவடை ஏன் பிறந்தது என்பதை வெளியே நின்று ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே செல்லுங்கள். தெற்குப் பக்கத்தில் அரைவட்டமாக எண்கள் பொறிக்கப்பட்ட நேரங்காட்டும் கல் ஒன்று உண்டு. அதன் மேலுள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் இடம் நேரத்தைச் சொல்லும். வெயில் இருந்தால்தான் அது பேசும் என்பதால் மேகமற்ற காலைப் பொழுதில் செல்ல வேண்டும். இக்கோயிலின் கல்வெட்டு ஒன்று கி.பி. 1425-ஐச் சேர்ந்தது. படைவீட்டு (இன்றைய படவேடு) ராஜ்யத்துப் பிராமணர்கள் கூடி, இனிப் பொன் வாங்கிப் பெண் கொடுப்பதில்லை, கன்னிகாதானமாகவே மணம் செய்விப்போம் என்று எழுதிக்கொண்ட உடன்படிக்கை அது. பொன் கொடுத்தவனும் வாங்கியவனும் ஒருங்கே தண்டனைக்குரியவர்கள் என்று அது விதித்தது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சமூகம் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொண்ட சொற்கள் நம் கண் முன்னே கல்லில் இருக்கின்றன என்பதை அறிந்து சென்றால் அந்தச் சுவரைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

பெரும்பாலான கோயில்கள் நண்பகல் 12 மணியளவில் நடை சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். இந்த நான்கு மணி நேரத்தை எங்கே செலவிடுவது என்று முன்பே முடிவு செய்யாத திட்டம் திட்டமே அன்று. முதல் நாளில் அந்த நேரத்தை வேலூர்க் கோட்டையின் அருங்காட்சியகங்களுக்குக் கொடுங்கள். பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசின்கீழ் எழுந்த இக்கோட்டை 133 ஏக்கர் பரப்புள்ளது, சுற்றிலும் அகழி. இதற்குள்தான் 1806 ஜூலை 10 அன்று விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். தாடியை மழிக்க வேண்டும், நெற்றியில் சமயக் குறி கூடாது, புதிய வகைத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற ஆணைகள் அவர்களைப் புண்படுத்தியிருந்தன. திப்பு சுல்தானின் பிள்ளைகள் இங்கேயே சிறை வைக்கப்பட்டிருந்தது அந்த நெருப்புக்கு விசிறியாயிற்று. ஆற்காட்டிலிருந்து பிரித்தானியப் படை அதிகாரி கில்லஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து அன்றைக்கே அதைக் கொடூரமாக ஒடுக்கினார். 1857-க்கு அரை நூற்றாண்டு முந்தைய நிகழ்வு இது. பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் மதில் மேல் நின்று இதைச் சொல்ல வேண்டும். பாடநூலில் ஒரு பத்தியாகப் படித்தது அங்கே வேறு விதமாகக் காதில் விழும்.

மாலை நடை திறந்ததும் கோட்டைக்குள்ளேயே ஜலகண்டேசுவரர் கோயிலுக்குச் செல்லுங்கள். ‘நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்’ என்று வேலூரைப் பற்றி முன்பு சொல்வார்கள். வழிபாடின்றி நெடுங்காலம் கிடந்து, ஆங்கிலேயர் காலத்தில் ஆயுதக் கிடங்காகவும் இருந்த இக்கோயிலுக்கு, சத்துவாச்சாரியில் வைக்கப்பட்டிருந்த லிங்கத்தை 1981-இல் மக்கள் கொண்டுவந்து சேர்த்தபின் அந்தப் பழமொழியின் மூன்றாம் பகுதி பொய்யாயிற்று. கல்யாண மண்டபத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாயும் குதிரைகளும் யாளிகளும் உள்ள தூண்களைப் பார்த்தபின், நடு மண்டபத்தில் நின்று மேலே நோக்கினால் தாமரையைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகளைக் காணலாம். பொழுது மிஞ்சினால், 1832-இல் இவ்வூரிலேயே சிறையிருந்து இறந்த கண்டியின் கடைசி மன்னர் விக்கிரமராஜசிங்கனின் சமாதியான முத்து மண்டபத்தைப் பாலாற்றங்கரையில் பார்க்கலாம். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குச் செல்ல விரும்புவோர் அன்று இரவைத் தேர்ந்தெடுக்கலாம். நட்சத்திர வடிவப் பாதை நீளமானது, கைபேசியை உள்ளே விட மாட்டார்கள், அரைக்கால் சட்டையும் லுங்கியும் கூடா.

வியாழக்கிழமை பொன்னையாற்றுக்கு உரியது. நான்கு நாளில் எனக்கு மிகவும் நெருக்கமான நாள் இதுவே. காலையில் திருவல்லம். திருஞானசம்பந்தர் பாடிய இத்தலத்தில் நந்தி இறைவனைப் பார்க்காமல் எதிர்த்திசை நோக்கி இருக்கிறது. திருமஞ்சன நீர் எடுக்கச் சென்ற அர்ச்சகரைக் காஞ்சனகிரியில் இருந்த கஞ்சன் என்னும் அசுரன் துன்புறுத்த, அவனை அடக்க நந்தி புறப்பட்டது என்பர். அசுரனின் உறுப்புகள் சிதறி விழுந்த இடங்களே சீக்கராஜபுரம், வடகால், தென்கால் முதலிய ஊர்கள் என்று இப்பகுதியினர் இன்றும் சொல்வார்கள். சாலைப் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே சென்றால் கதை முழுதும் வழியில் கிடக்கும்.

அங்கிருந்து ஆற்றோடு வடக்கே சென்றால் மேல்பாடி. முதலாம் இராசராசன் எடுப்பித்த சோமநாதேசுவரர் கோயிலும், அதன் எதிரே அரிஞ்சிகை ஈச்சரமும் இங்கு உள்ளன. ஆற்றூரில் இறந்ததால் ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’ எனப்பட்ட தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக இராசராசன் எழுப்பிய பள்ளிப்படை, அதாவது நினைவுக் கோயில், அது. தஞ்சைப் பெரிய கோயிலின் முன் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள், அதே மன்னன் தன் குடும்பத்து மூத்தவருக்காகச் செய்த இந்தச் சிறிய கற்றளியின் முன் சற்று நேரம் அமர்ந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். நான் முதன்முறை சென்றபோது நண்பகல் ஆகிவிட்டது. கதவு பூட்டியிருந்தது, வெளிச்சுவரைச் சுற்றிப் பார்த்ததோடு திரும்பினேன். இரண்டாம் முறை பத்து மணிக்கு முன் சென்று, ஊருக்குள் விசாரித்துச் சாவி வைத்திருப்பவரை அழைத்து வந்தபின்தான் உள்ளே காண முடிந்தது. சிற்றூர்க் கோயில் எதற்கும் இதுவே வழி: தெருவில் முதலில் எதிர்ப்படும் பெரியவரிடம் “ஐயா, கோயில் சாவி யாரிடம் இருக்கும்?” என்று கேளுங்கள், பெரும்பாலும் அவரே கூட வந்து காட்டிவிடுவார். தட்டில் காணிக்கை போடச் சில்லறை வைத்திருங்கள்.

மேல்பாடிக்கு அருகிலேயே வள்ளிமலை. வள்ளி தினைப்புனம் காத்ததாகச் சொல்லப்படும் இம்மலையில் முருகன் குடைவரைக் கோயிலுக்குப் படியேறுவோர் பலர். அதே மலையின் பாறையில் உள்ள சமணத் தீர்த்தங்கரர் உருவங்களைத் தேடிச் செல்வோர் சிலரே. கங்க மன்னன் இராசமல்லன் அமைத்த சமணப் பள்ளி அது. பாறையில் கன்னடக் கல்வெட்டுகள் இருக்கின்றன. மலைக்கோயில்கள் இருட்டுமுன் நடை சாத்திவிடும் என்பதால் மூன்றரை மணிக்கெல்லாம் அடிவாரத்தில் இருங்கள். சோளிங்கரையும் இதே நாளில் சேர்க்க முடியுமா என்று பலர் கேட்பார்கள். யோக நரசிம்மர் மலைக்கு 1305 படிகள். 2024 முதல் ரோப் கார் ஓடுகிறது. அப்படியிருந்தும் சேர்க்காதீர்கள் என்பதே என் அறிவுரை. அதற்கு ஒரு நாள் தனியாக வைத்து, அருகில் முதலாம் மகேந்திரவர்மன் ஒற்றைப் பாறையில் திருமாலுக்குக் குடைந்த மகேந்திரவாடிக் குடைவரையையும் கண்டால் அது நிறைவான பயணமாகும்.

வெள்ளிக்கிழமை அறையைக் காலி செய்து, பெட்டியோடு தெற்கே கண்ணமங்கலம் வழியாகப் படவேட்டுக்குச் செல்லுங்கள். ரேணுகாம்பாள் கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் உண்டு. ஆடி மாதமாயின் சொல்லவே வேண்டாம். ஏழு மணிக்குள் சேர்ந்துவிட்டால் நிதானமாக வணங்கலாம். சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய ஊர் இது. இன்று ஜவ்வாது மலையடிவாரத்தில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே கோயில்கள் ஆங்காங்கே நிற்கின்றன. இராமர் கோயிலில் வில் ஏந்தாமல் அமர்ந்த கோலத்தில் உபதேசிக்கும் இராமரையும், எதிரே சுவடி படிக்கும் அனுமனையும் தவறவிடாதீர்கள்.

நண்பகலுக்குப் போளூர் வட்டத்துத் திருமலை பொருத்தமானது. பாறைக் குகைகளுக்குள் நிழல் உண்டு. இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் அமைந்த ஜினாலயம் என்னும் சமணக் கோயிலும், பாறையிலேயே செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் நேமிநாதரின் நெடிய உருவமும், பழைய ஓவியங்களும் இங்கே உள்ளன. கங்கை வரை சென்ற வெற்றிகளைப் பாடும் முதலாம் இராசேந்திரனின் புகழ்பெற்ற கல்வெட்டு இந்த ஊரைச் சேர்ந்ததே. திருமலை இன்றும் வழிபாடு நடக்கும் சமணத் தலம். தோல் பொருள்களை வெளியே வைத்துவிட்டுச் செல்லுங்கள். ஓவியங்களைத் தொடவோ, ஒளிவிளக்கு எரியவிட்டுப் படமெடுக்கவோ வேண்டாம். அதன்பின் போளூர் வந்து, பொழுது சாயுமுன் மலையேறி ஜமுனாமரத்தூரில் தங்குங்கள். அங்கே அறைகள் குறைவு. முன்பதிவு செய்யாமல் செல்லாதீர்கள். போர்வையும் டார்ச் விளக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசித் தொடர்பு எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதால் பணத்தாளும் வேண்டும்.

சனிக்கிழமைக் காலையை மலைக்கே விட்டுவிடுங்கள். பீமன் அருவியில் நீர் வரத்து மழையைப் பொறுத்தது. விடுதிக்காரரிடம் கேட்டுவிட்டுச் செல்லுங்கள். சாமையும் தேனும் இம்மலையின் பழங்குடியினரான மலையாளி மக்களிடமே நேரடியாக வாங்குங்கள். அவர்களின் வீடுகளையும் வழிபாட்டு இடங்களையும் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். நெகிழிப் பையில் கொண்டுபோன எதையும் அதே பையில் கீழே கொண்டுவந்து சேர்ப்பது நம் கடமை.

பிற்பகலில் ஆலங்காயம் செல்லும் வழியில் காவலூர். 1986-இல் நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இங்கு இருக்கிறது. 1977-இல் யுரேனசைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று கண்டறிந்தவர்களுள் காவலூர் வானியலாளர்களும் இருந்தனர். நிலா வளர்ந்திராத இரவாகவும் வானம் தெளிவாகவும் இருந்தால் பார்வை நன்றாக அமையும். பார்வை நேரத்தை இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அறிவிப்பில் புறப்படுவதற்கு முந்தைய வாரமே சரிபார்த்துக்கொள்ளுங்கள்; வளாகத்துக்குள் வண்டியின் முகப்பு விளக்கைத் தணித்து வைக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து ஆலங்காயம் இறங்கினால் வாணியம்பாடியோ ஜோலார்பேட்டையோ எளிதில் சேரலாம். ஜோலார்பேட்டையில் சென்னைக்கும் பெங்களூருக்கும் கோவைக்கும் இரவு ரயில்கள் உண்டு. பயணச்சீட்டு எடுக்கும்போது நள்ளிரவுக்கு முன் புறப்படும் வண்டியை எடுக்காமல், மலை இறங்க ஆகும் நேரத்துக்கு இடம் விட்டு எடுங்கள்.