தோல் கேன்சர் எப்படி உள்ள இறங்குது, நம்ம உடம்புல எங்க பாக்கணும்

மாசத்துக்கு ஒரு தடவை குளிச்சு முடிச்சதும் நல்ல வெளிச்சத்துல நின்னு உடம்பு முழுக்க பாருங்க, பத்து நிமிஷம்தான். ஏன் சொல்றேன்னா இந்த நோய்ல எல்லாமே மில்லிமீட்டர் கணக்கு.

தோலோட மேல் அடுக்குல ரத்தக்குழாயே கிடையாது, அதுக்குக் கீழதான் ரத்தக்குழாயும் நிணநீர்க்குழாயும் ஓடுது. வெயில்ல வர்ற அல்ட்ரா வயலட் கதிர் செல்லோட டிஎன்ஏவ கெடுக்கும், உடம்பு அதை சரி பண்ணிக்கிட்டே இருக்கும், வருஷக்கணக்கா சேர்ந்து சரி பண்ண முடியாம போனா அந்த செல் இஷ்டத்துக்குப் பெருக ஆரம்பிச்சிடும். மேல் அடுக்குக்குள்ளயே இருக்குறப்ப வெட்டி எடுத்தா பெரும்பாலும் அதோட முடிஞ்சிடும். கீழ இறங்கி குழாய்க்குள்ள புகுந்துட்டா அக்குள், தொடை இடுக்கு, கழுத்துல நெறி கட்டலாம், அப்புறம் நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளைன்னு போயிடும்.

தோல் கேன்சர்ல முக்கியமா மூணு வகை. பேசல் செல் கேன்சர் மெதுவா வளரும், வேற உறுப்புக்குப் போறது ரொம்ப அபூர்வம், ஆனா கண்டுக்காம விட்டா மூக்கையோ காதையோ அரிச்சிடும். ஸ்குவாமஸ் செல் வகை பழைய தீக்காயத் தழும்புலயும் ஆறாத புண்ணுலயும்கூட வரும். தோலுக்கு நிறம் குடுக்குற செல்லுல வந்து மச்சம் மாதிரி தெரியுற மெலனோமாதான் நான் ரொம்ப பயப்படுறது, அது பெரும்பாலும் மொதல்ல பக்கவாட்டுல பரவும், அப்புறம் நேரா கீழ இறங்கும். அந்த எடத்துத் தோலை வெட்டி மைக்ரோஸ்கோப்ல பாக்குற பயாப்சியோட ரிப்போர்ட்ல பிரெஸ்லோ ஆழம்னு போட்டிருப்பாங்க, அதாவது தோலுக்குள்ள எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குங்குற அளவு, 1 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு.

அதனால மச்சத்தைப் பாக்கும்போது ரெண்டு பாதியும் ஒரே மாதிரி இருக்கா, ஓரம் பிசிறா இருக்கா, ஒரே மச்சத்துல ரெண்டு மூணு கலர் இருக்கா, 6 மில்லிமீட்டரைத் தாண்டிடுச்சா, எல்லாத்துக்கும் மேல போன மாசத்துக்கு இப்ப மாறியிருக்கான்னு பாருங்க. பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்துக்கோங்க, ஞாபகத்தை நம்பாதீங்க.

கறுப்புத் தோலுக்கு இது வராதுன்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க. ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு கால் விரல் நகத்துக்கு அடியிலதான் மெலனோமா வந்துச்சு, 1981ல 36 வயசுல இறந்துட்டாரு. கறுப்பா இருக்குறவங்களுக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடின்னு வெயிலே படாத எடத்துலதான் மெலனோமா அதிகமா வருது. நகத்துல நீளவாக்குல ஒரு கறுப்புக் கோடு இருந்து அது அகலமாகிட்டே போனாலோ, அந்தக் கறுப்பு நகத்தைச் சுத்தி இருக்குற தோல்லயும் படிஞ்சாலோ அன்னிக்கே கிளம்புங்க.

வலி வரட்டும்னு காத்திருக்க வேண்டாம், ஆரம்பத்துல வலிக்காது. சந்தேகமான மச்சத்துல களிம்பு போட்டோ லேசர் வச்சோ கருக்க மட்டும் விடாதீங்க, தோல் டாக்டர்கிட்ட போய் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்க, கருக்கிட்டா எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு அளந்து பாக்க அங்க ஒண்ணுமே மிச்சம் இருக்காது.