பால் கெரஸின் ஆட்டங்களை எப்படிப் படிப்பது?

எஸ்டோனிய செஸ் வீரர் பால் கெரஸ் உலகச் சாம்பியன் ஆகவே இல்லை, அதனாலேயே பலர் அவர் பக்கம் போவதில்லை. ஆனால் காப்பபிளாங்கா முதல் ஃபிஷர் வரை ஒன்பது உலகச் சாம்பியன்களை ஜெயித்தவர் அவர். ஆட்டங்களைத் தேதி வரிசையில் கடகடவென்று ஓட்டாதீர்கள், பாதியிலேயே சலித்துவிடும். அவர் வாழ்க்கையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் கொஞ்சமாக எடுங்கள்.

முதலில் 1930கள். 1916-இல் நார்வாவில் பிறந்து எஸ்டோனியாவின் பார்னு ஊரில் வளர்ந்தவருக்குப் பக்கத்தில் பலமான எதிராளி கிடைக்கவில்லை, அதனால் தபால் செஸ்ஸில் இறங்கி, வினோதமான காம்பிட்களையெல்லாம் (தொடக்கத்திலேயே காயைப் பலிகொடுத்து ஆடும் முறைகள்) பலகையில் நாள்கணக்கில் அலசிப் பார்த்தார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: செஸ் எஞ்சினை (நகர்த்தல்களைக் கணக்கிடும் கணினி நிரலை) அணைத்துவிட்டு, அடுத்த நகர்த்தலை மறைத்து, உங்கள் யோசனையைத் தாளில் எழுதிய பிறகுதான் அவருடையதைத் திறக்க வேண்டும்.

அப்புறம் 1939–40-இல் முன்னாள் உலகச் சாம்பியன் மாக்ஸ் யூவேயுடன் நடந்த மேட்ச். ஒரே ஒரு ஆட்டம்தான் பார்ப்பேன் என்றால் அதில் 9ஆவதைப் பாருங்கள். கருப்பில் ஆடிய கெரஸ் 23ஆவது நகர்த்தலில் ராணியைக் கொடுத்து ஒரு யானையும் ஒரு பிஷப்பும் வாங்குகிறார். அந்த இடத்தில் நிறுத்தி, காய்களின் மதிப்பைக் கூட்டிக் கழிக்காமல், கருப்பின் இரண்டு யானைகளும் இரண்டு பிஷப்களும் எந்தெந்தக் கட்டங்களைப் பிடித்திருக்கின்றன, வெள்ளை ராணிக்கு உருப்படியாக ஏதாவது வேலை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எழுதிப் பாருங்கள். வெள்ளை ராஜா கடைசியில் தப்ப முடியாமல் போவதற்கான காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

போருக்குப் பிந்தைய பகுதி கொஞ்சம் கசப்பானது. போருக்கு முன்பே, 1938-இல் நெதர்லாந்தில் நடந்த அவ்ரோ போட்டியில் அமெரிக்கரான ரூபன் ஃபைனுடன் முதலிடத்தைப் பகிர்ந்தும், அப்போதைய உலகச் சாம்பியன் அலெஹினோடு பட்ட மேட்ச் நடக்கவில்லை. 1948 உலகப் பட்டப் போட்டியில், பட்டத்தை வென்ற சோவியத் வீரர் போட்வின்னிக்கிடம் முதல் நான்கு ஆட்டங்களும் தோல்வி, ஐந்தாவதில் வெற்றி. சோவியத் அதிகாரிகள் அழுத்தம் கொடுத்துத் தோற்க வைத்தார்கள் என்று இன்றும் பேசுவார்கள், நிரூபணமான ஆதாரம் எதுவும் இல்லை. அந்த விவாதத்தில் மாட்டிக்கொள்ளாமல் ஐந்து ஆட்டங்களையும் நீங்களே ஆடிப் பாருங்கள், தவறுகள் ஆட்டத்தின் எந்த நிலையில் வருகின்றன என்று குறியுங்கள்.

1953, 56, 59, 62 என நான்கு கேண்டிடேட்ஸ் போட்டிகளிலும் (உலகச் சாம்பியனை எதிர்ப்பவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) இரண்டாமிடம் (முதலாவதும் கடைசியும் பகிர்ந்துகொண்டது). 1962-இல் குராசா தீவில் முதலிடம் பெற்ற பெட்ரோசியனுக்கும் அவருக்கும் அரைப் புள்ளிதான் வித்தியாசம்! அதே போட்டியில் தான் மூன்று முறை தோற்கடித்திருந்த பால் பென்கோவிடமே கெரஸ் கடைசிச் சுற்றுகளில் தோற்றார். அந்த ஆட்டத்தை மட்டும் மெதுவாகப் பாருங்கள், மற்றவை அவசரமில்லை.

சிசிலியன் என்ற கருப்பின் தொடக்க ஆட்டத்துக்கு எதிராக வெள்ளையில் ஆடுபவராக இருந்தால், அதன் ஷெவனிங்கன் வகையில் 6ஆவது நகர்த்தலாகச் சிப்பாயை ஜி4 கட்டத்துக்குத் தள்ளும் 'கெரஸ் தாக்குதலை' அடுத்த ஆன்லைன் ஆட்டத்திலேயே போட்டுப் பாருங்கள், சரியா?