மரத் தரையில் வேக்குவம் போடுவதற்கு முன்னால்

கனடாவின் மிசிசாகாவில் இந்த வீட்டை வாங்கியபோது எனக்கு ரொம்பப் பிடித்தது கூடத்துத் தரைதான். சிவப்பு ஓக் மரம், முக்கால் அங்குலப் பலகைகள், மேலே வார்னிஷ் மாதிரி பாலியூரித்தேன் பூச்சு. குடிவந்த முதல் குளிர்காலத்திலேயே வாசலிலிருந்து சோபா வரைக்கும் நாலடி நீளத்துக்கு ஒரு கோடு விழுந்துவிட்டது. வேக்குவம் கிளீனரின் சக்கரத்தில் கடுகளவு கல் சிக்கியிருந்ததைப் பார்க்காமல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அந்த வருத்தம் உங்களுக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தரையைக் கீறுவதெல்லாம் மிஷினுக்கு அடியில்தான் இருக்கும். அதனால் பிளக்கைச் செருகுவதற்கு முன்பே மிஷினைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் கட்டைவிரலால் மெதுவாகச் சுற்றுங்கள். நறநறவென்று ஏதாவது தட்டுப்பட்டால் பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள். அச்சில் தலைமுடி சுற்றிக்கொண்ட சக்கரம் உருளாமல் தேய்த்துக்கொண்டே வரும். முடியைக் கத்தரியால் வெட்டி உருவிவிடுங்கள். எனக்கு இதற்கெல்லாம் இரண்டு நிமிடம் ஆகிறது.

அடுத்தது வாய்ப்பகுதி. கார்பெட்டுக்கான வாயில் முரட்டு பிரஷ் ஒன்று வேகமாகச் சுழலும். மரத் தரையில் அது மணலை உறிஞ்சுவதற்கு முன்னால் நாலா பக்கமும் விசிறியடிக்கும், பூச்சையும் உரசும். பெரும்பாலான மிஷின்களில் அதை மட்டும் நிறுத்த பொத்தான் இருக்கும். இல்லையென்றால் மென்மையான மயிர் வைத்த, மரத் தரைக்கான வாயைத் தனியாக வாங்கி மாட்டுங்கள். துணி மாதிரி மெத்தென்ற உருளை சுழலும் மாடல் என்றால் பயமில்லை. எதுவானாலும் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு தடவை தேய்த்துப் பாருங்கள். அங்கே குத்தினால் தரைக்கும் ஆகாது. மயிர் நாளாவட்டத்தில் மடங்கிவிடும். அப்புறம் பிளாஸ்டிக் விளிம்பு தரையில் படும். என்னுடையது இரண்டு வருடத்தில் அப்படி ஆனது, உடனே மாற்றிவிட்டேன்.

இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் தூவுகிற உப்பும் மணலும் பூட்ஸோடு உள்ளே வந்துவிடும். மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், பூச்சை விடக் கடினமானது. அதன்மேல் நாம் நடப்பதே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மாதிரிதான். ஆகவே முதலில் வாசல் பக்கம் ஆரம்பியுங்கள். ஈரமாக இருந்தால் வேக்குவத்தைக் கொண்டுபோகாதீர்கள். சாதாரண மிஷினுக்குத் தண்ணீர் ஆகாது. உருகிய பனியைத் துணியால் ஒற்றி எடுத்து, காய்ந்தபின் மிச்சமிருக்கும் உப்பை உறிஞ்சுங்கள்.

பலகையின் நீளவாக்கில் மெதுவாகப் போங்கள். உறிஞ்சும் வேகத்தைக் குறைத்து வையுங்கள். அதிகம் வைத்தால் வாய் தரையோடு ஒட்டிக்கொண்டு நகராது, நாமும் கையால் அழுத்தித் தள்ளுவோம். உருளை வடிவ மிஷினைக் குழாயைப் பிடித்து இழுக்காமல் கையில் தூக்கி நகர்த்துங்கள். இரும்புக் குழாயைச் சுவரில் சாய்த்து வைக்கவே வேண்டாம், சரிந்து விழுந்தால் மரம் குழிந்துவிடும்.

ஹீட்டர் ஓடும் மாதங்களில் காற்று வறண்டு, மரம் சுருங்கி, பலகைகளுக்கு நடுவே மெல்லிய இடுக்கு விழும். தூசியெல்லாம் அதில்தான் போய் உட்காரும். கூர்மையான இடுக்குக் குழாயை வெறுமனே அங்கே ஓட்டாமல், புத்தக அலமாரி துடைக்கிற சின்ன வட்ட பிரஷை மாட்டிக்கொள்ளுங்கள். வீட்டு ஈரப்பதத்தை நான் 40 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கிறேன், இடுக்கு குறைந்திருக்கிறது.

நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் (கம்பளி மாதிரி மெத்தென்ற துணி) வட்டங்களையும் மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அதில் புதைந்த மணல், நாற்காலியை நகர்த்தும்போதெல்லாம் கீறும். அரிசி மாவு, கோலமாவு கொட்டினால் முடிந்தவரை துணியால் எடுத்துவிடுங்கள். அவ்வளவு நைஸான பொடி ஃபில்டரை அடைத்துவிடும். நீராவித் துடைப்பான் மட்டும் வேண்டவே வேண்டாம். சூடும் ஈரமும் இடுக்கு வழியாக உள்ளே போனால் மரம் உப்பிவிடும்.

எல்லாம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடியுங்கள். தப்பிய துகள் ஒவ்வொன்றும் நிழலோடு தெரியும். என் வீட்டில் அது பெரும்பாலும் செருப்பு ஸ்டாண்டின் கால்களுக்கு நடுவில்தான். அங்கே மிஷின் நுழையாது. ஈரத்துணியை விரலில் சுற்றி, தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிடுகிறேன்.