நாயிடம் அன்பாக இரு என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள்

போன மாதம் நாங்குநேரிப் பக்கம் ஒரு பள்ளியில், இந்த வேலைக்குப் புதிதாக வந்த இரண்டு பேர் வகுப்பெடுப்பதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். பிள்ளைகளுக்கு விலங்குகளிடம் பரிவு சொல்லிக்கொடுப்பதுதான் பதினெட்டு வருஷமாக என் பிழைப்பு. அவர்கள் செய்த தவறெல்லாம் நான் செய்ததுதான், வரிசைகூட மாறவில்லை. மணியடித்த பிறகும் பேசுவது, கத்துவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும், விடுங்கள்.

கொடுமை வீடியோ

காட்டாதீர்கள். பின்வரிசை சிரிக்கும், முன்வரிசை ராத்திரி தூங்காது.

கொடைக் கிடா

"எங்க வீட்டுக் கிடாவ சொடலைக்கு நேந்துவிட்டிருக்கு சார்" என்று ஒருவன் எழுந்து சொல்வான். சுடலைமாடன் கோயில் கொடையில் பலி கொடுக்கிற கிடா அது. தீர்ப்புச் சொல்லாதீர்கள், அதற்குத் தண்ணீர் காட்டுவது யார் என்று கேளுங்கள். பத்து நிமிஷம் அவன் பேசுவான், கயிறு, நிழல், தீவனம் எல்லாம் அவனே எடுத்துக்கொடுப்பான்.

நாய்க்கடி

இதில் மட்டும் என்னை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. முதல் மூன்று வருஷம், தெருநாய்க்கு ஒரு கை சோறு வையுங்கள், கல்லெறியாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனேன். நாய் எப்போது கடிக்கும், கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது, சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடுமாம், நான் வளர்த்த அன்பெல்லாம் போய்விடுமாம். தாமிரபரணிக் கரையில் ஒரு ஊர். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் குட்டிபோட்ட நாய்க்குச் சோறு வைக்கப் போய், குட்டியைத் தூக்கியிருக்கிறான். முழங்கைக்குக் கீழே கடி. நாலு நாள் அண்ணனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டு மறைத்திருக்கிறான். ஏம்லே சொல்லல என்று கேட்டால், "சொன்னா எங்கப்பா அத அடிச்சே கொன்னுருவாவ சார்" என்கிறான்.

நான் சொல்லிக்கொடுத்த பரிவுதான் அவன் வாயைக் கட்டியிருக்கிறது. ரேபிஸ் அறிகுறி வெளியே தெரிந்துவிட்டால் அப்புறம் பிழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். அரசு மருத்துவமனை வரை அவன் அம்மா என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. ஊசி முழுதும் போட்டோம், பையன் நன்றாக இருக்கிறான், அந்த நாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

இப்போது முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். தின்கிற நாய், தூங்குகிற நாய், குட்டியோடு இருக்கிற நாய், மூன்றின் கிட்டேயும் போகாதே. பல் பட்டாலும் நகம் கீறினாலும் குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவு. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதே. அன்றைக்கே ஊசி, அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. ஒன்றோடு நிறுத்தாமல், டாக்டர் குறித்துக் கொடுக்கிற தேதிகளுக்கெல்லாம் போ. அதோடு, நீ சொன்னால் நாயை அடிக்க விடமாட்டேன், நானே வீட்டுக்கு வந்து பேசுகிறேன் என்றும் சொல்கிறேன். சொன்னால் போகத்தான் வேண்டும். இதுவரை பதினோரு வீடு ஏறியிருக்கிறேன், இரண்டு வீட்டில் ஏச்சும் வாங்கியிருக்கிறேன்.

போன மாதம் அந்த இரண்டு பேரும் இதை அப்படியே விட்டுவிட்டார்கள். கேட்டால் நேரமில்லையாம். வீடியோவுக்கு மட்டும் நேரம் இருந்தது.

கூண்டுக் கிளி

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பது குற்றம்தான். அதைப் பிள்ளைகளிடம் சொல்லி மிரட்டாதீர்கள், கூண்டு வாங்கியவர் அப்பா. பெற்றோர் கூட்டத்தில் பேசுங்கள்.

உறுதிமொழி

வேண்டாம்.

ஊர் தெரியாமல் போவது

கூந்தன்குளத்தில் பறவைகளிடம் அன்பு காட்டுவது எப்படி என்று ஒரு முறை முக்கால் மணி நேரம் பேசினேன். 1994-இல் சரணாலயமாக அறிவிப்பதற்கு முன்பிருந்தே பறவைகளைக் காத்துவரும் ஊர் அது. தெரு மரத்திலேயே நாரை கூடு கட்டும், தீபாவளிக்கு வெடி கிடையாது, எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். பிள்ளைகள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற ஆச்சி ஒருத்திதான் கேட்டாள்: "இதச் சொல்லவா திருநெல்வேலியில இருந்து பஸ்ஸு ஏறி வந்தீய?"